வீட்டைப் பார்க்காதவருக்கு அட்வான்ஸ் இல்லை: செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நாங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்). கானாடுகாத்தானிலிருந்து வண்டியில் பத்து நிமிடம் எங்கள் ஊர். போன தை மாதம் அங்கே எங்கள் பூர்வீக வீட்டில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணன் குடும்பம் சென்னையில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பூர்வீகம் தேவகோட்டை, குடியிருப்பது கோயம்புத்தூர். ஊருக்குப் பக்கத்தில், காரைக்குடியில், இருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் சமையல், பந்தல், மேளம், ஜெனரேட்டர், மைக் செட், பூ, போட்டோ, வீடு கழுவுவது என்று எல்லாவற்றுக்கும் ஆள் பேசும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. ஆனி மாதம் பேச ஆரம்பித்து, தையில் கடைசி பாக்கியைக் கொடுத்து முடிக்கும்வரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சிலரைச் சரியாகப் பிடித்தோம். ஒரு இடத்தில் பெரிதாகக் கோட்டை விட்டோம்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டபத்தில் கல்யாணம் வைத்தால் அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் அங்கேயே இருக்கும். வருகிற வேலைக்காரர்களுக்கும் அந்தக் கட்டடம் பழகியிருக்கும். எங்கள் வீடு அப்படி இல்லை. பொங்கல், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் நாள்) தவிர வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, பட்டாலை (முன்கூடம்), வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு (அதற்கு அடுத்த பகுதி), அடுப்படி என்று நடந்து போனால் 180 அடி. தூண்கள் பர்மாத் தேக்கு, தரை ஆத்தங்குடிக் கல், சுவர் முட்டை வெள்ளை சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. வயரிங் எங்கள் அப்பச்சி (அப்பா) காலத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. ஏழு புள்ளிக்கு, அதாவது கல்யாணமாகித் தனிக் கணக்கான ஏழு குடும்பத்துக்கு, பொது. ஒரு தூணில் ஒருவர் ஒரு ஆணி அடித்தாலும் நான் ஏழு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல் முகூர்த்த நாள். தையில் நல்ல வளர்பிறை முகூர்த்தம் என்றால் காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை எல்லா இடத்திலும் அன்றைக்கே கல்யாணம். பேர் வாங்கிய ஒருவர் அன்று மூன்று, நான்கு இடம் ஒத்துக்கொள்வார். நீங்கள் பேசியது அவரிடம், வருவது வேறு யாரோ. ஆள் பேசும்போது நான் முதலில் கேட்ட கேள்வி விலை இல்லை. "அன்னிக்கு எங்க வீட்டுல யார் நிப்பாங்க? அவரை இப்பவே பார்க்க முடியுமா?" என்றுதான் கேட்டேன். பாதிப் பேர் இந்தக் கேள்வியிலேயே கழன்று கொண்டார்கள்.

சமையல்

சமையலுக்கு மூன்று பேரைப் பார்த்தோம். ஒருவர் சென்னையில் கேட்டரிங் நடத்துகிறவர். அண்ணமிண்டிக்கு (அண்ணன் மனைவிக்கு) அவரைப் பிடித்திருந்தது. அவர் அனுப்பிய மெனு பார்க்க அழகாக இருந்தது. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி எல்லாம் இருந்தன, கூடவே ஐந்து வகை ஐஸ்கிரீமும். இரண்டாமவர் காரைக்குடியில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். ருசியில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே நாளில் அவருக்கு வேறு மூன்று இடம் இருந்தது, மறைக்காமல் சொல்லிவிட்டார். மூன்றாமவர் பக்கத்து ஊர் மாஸ்டர். விசிட்டிங் கார்டுகூடக் கிடையாது. "வீட்டைப் பார்த்துட்டுத்தான் விலை சொல்லுவேன்" என்றார்.

வந்தவர் நேரே அடுப்படிக்குப் போகவில்லை. கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "உப்புத் தண்ணி அண்ணே. இதுல பருப்பு வேகாது. ஊருணித் தண்ணி வருமா, லாரி சொல்லணுமா?" என்றார். கடினத் தண்ணீரில் பருப்பு மணிக்கணக்கில் கிடந்தாலும் மலராது. அது தெரிந்த விஷயம்தான், ஆனால் மற்ற இருவரும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு எங்கள் வீட்டுப் பாத்திரங்களைப் பார்க்க வேண்டும் என்றார். ஆத்தா (எங்கள் அம்மா) சாவிக்கொத்தோடு வந்து, வளவை ஒட்டிய இரட்டை வீடு என்கிற உள்ளறையைத் திறந்து விட்டார். உள்ளே பித்தளை அண்டாக்களும் சருவங்களும் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தன. ஒவ்வொன்றாக நிமிர்த்தி, தலையை உள்ளே விட்டு, விரலால் அடியைத் தேய்த்துப் பார்த்தார். விரல் நுனி கறுத்து வந்தது.

"ஈயம் போயிருச்சு ஆச்சி. சோறு வடிக்கலாம், புளிக்கொழம்பு வைக்கக் கூடாது."

ஆத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஈயம் போன பித்தளையில் புளி பட்டால் களிம்பேறி வயிற்றைக் கெடுக்கும் என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அப்போதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. இருந்தாலும் மாஸ்டர் விடவில்லை. முதல் நாள் ராத்திரி ரயிலில் வருகிறவர்கள் எத்தனை பேர், பந்தியில் வயதானவர்கள் எத்தனை பேர், மாப்பிள்ளை வீட்டில் யாருக்காவது சர்க்கரையா, இலை போடும் இடத்திலிருந்து கை கழுவும் இடத்துக்கு எத்தனை படி என்று கேட்டுக்கொண்டே போனார்.

அவரிடம் இரண்டு விதமாகப் பேசலாம். இலைக்கு இவ்வளவு என்று சாமானோடு அவரே எடுத்துச் செய்வது ஒன்று. சாமான் நம்முடையது, கூலி மட்டும் அவருக்கு என்பது இன்னொன்று. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள். எண்ணெயும் நெய்யும் நம் கண் முன்னால் இருக்கும். ஆனால் அதற்குச் சாமான் சிட்டைப்படி வாங்கி, எடை பார்த்து, ஸ்டோர் ரூமில் இரண்டு நாள் உட்கார ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி உட்கார யாரும் இல்லை. நடுவில் ஒரு வழி எடுத்தோம். நெய், நல்லெண்ணெய், முந்திரி, கவுனி அரிசி, வெல்லம் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். மற்றதெல்லாம் இலைக் கணக்கில் அவர். தரம் கெடக்கூடிய சாமான் நம் கையில், அலைச்சல் அவர் கையில். இது நன்றாகவே ஓடியது. பலகாரம் மட்டும் காரைக்குடியில் வீட்டிலேயே செய்து கொடுக்கும் இரண்டு ஆச்சிகளிடம் தனியாகச் சொன்னோம். சீப்புச்சீடையும் மாவுருண்டையும் தேன்குழலும் அவர்கள் கைப்பக்குவத்தில் வருவதுபோல மொத்தமாகப் போடுகிறவர்களிடம் வராது.

இலைக் கணக்கு இப்படிப் போனது: முதல் நாள் இரவு 350, காலை 700, மதியம் 900 என்று பேசினோம். கூட 10 சதவீதம் வரை வந்தால் அதே விலை என்று எழுதிக்கொண்டோம். கட்டு எண்ணி இலையைக் கொடுத்து, பந்தி முடிந்ததும் மிச்ச இலையை எண்ணித் திரும்ப வாங்கினோம். காலையும் மதியமும் பேசியதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. இரவில் 350 போட்ட இடத்தில் 412 இலை விழுந்தது. பல்லவன் ரயிலில் வந்து காரைக்குடியில் இறங்கியவர்கள் வேன் பிடித்து வீடு சேர ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. மாஸ்டர் அவர்களுக்கென்று மாவைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். சுடச்சுடத் தோசையும் டாங்கர் சட்னியும் போட்டார். கேட்ட கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பந்தல், விளக்கு, ஜெனரேட்டர்

முதலில் வந்த பந்தல்காரர் டேப்பை நீட்டி அளந்தார், பத்து நிமிடத்தில் விலை சொன்னார், எல்இடி திரை வைத்தால் வளவு எப்படி ஜொலிக்கும் என்று போனில் படம் காட்டினார். இரண்டாமவர் முகப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். தூணை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆணி அடிக்க விட மாட்டீங்கள்ல?" என்றார். சரி, எப்படிக் கட்டுவீர்கள் என்றேன். தூணைச் சுற்றி இரண்டு மடிப்புச் சாக்கு, அதன் மேல் கயிற்றுக் கட்டு, பாரம் தூணில் இறங்காமல் தனிக் கால், கால் பதியும் இடத்தில் கல் நசுங்காமல் இருக்கப் பலகை என்றார். முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று குனிந்து தூம்பைத் தேடினார். தையில் மழை வராது என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே மூடிவிட்டுத் தண்ணீர் தேங்கினால் பட்டாலை வரை வந்துவிடும். விலை முதலாமவரைவிடக் கூடுதல்தான், அவருக்கே கொடுத்தோம்.

கீற்றுப் பந்தல்தான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். அதில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடியோ விளக்குக்குப் போன மின்கம்பியில்தான் கோளாறு. எங்கள் பக்கத்துக்காரர்கள் திருச்சி வழியாகத்தான் எங்கும் போகிறோம், வருகிறோம். அந்தச் செய்தி வந்த நாளை என் வயதுக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. பந்தல்காரரும் போட்டோகாரரும் ஜெனரேட்டர்காரரும் தனித்தனியாக வந்து, தனித்தனியாக வேலை பார்த்து, யாருடைய கம்பி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அதனால் வாசலில் வாழைமரம், தோரணத்தோடு கொஞ்சம் தென்னங்கீற்றுப் பின்னல், உள்ளே துணி, சமையல் கொட்டகைக்குத் தகரம் என்று முடிவானது. வீட்டு வயரிங்கில் அன்று மின்விசிறியும் சாதாரண பல்பும் மட்டும். அலங்கார விளக்கு, வீடியோ விளக்கு, மைக் செட் எல்லாம் பின்தெருவில் நின்ற 62.5 கேவிஏ ஜெனரேட்டரிலிருந்து தனி லைன். ஜெனரேட்டர்காரர் வீட்டின் நீளத்தைக் காலடியால் அளந்துவிட்டு, கேபிள் எந்தச் சன்னல் வழியாக வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். முதல் நாள் சாயங்காலம் அவர், பந்தல்காரர், எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் மூன்று பேரையும் ஒன்றாக நிற்க வைத்து லைனைக் கையால் தொட்டுக் காட்டச் சொன்னேன். வீடியோ குழுவும் அதில் நின்றிருக்க வேண்டும். அவர்கள் அப்போது வந்து சேரவில்லை.

மைக் செட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. அதை அவரே முதலில் சொன்னார், அதனால் அவரையே வைத்துக்கொண்டோம். மேளம் எங்கள் ஊர்க் கோயிலில் வாசிக்கும் செட்தான். மாப்பிள்ளை அழைப்பு எந்த வீதியில் திரும்பும், திருப்பூட்டுதலுக்கு (தாலி கட்டுவதற்கு) யார் கை காட்டியதும் கெட்டிமேளம் கொட்டுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோட்டை விட்ட இடம்

போட்டோ, வீடியோ, மணவறை அலங்காரம் மூன்றையும் சென்னையிலேயே ஒரே இடத்தில் கொடுத்துவிடலாம் என்றார் அண்ணன். அவர்கள் எடுத்த படங்களை நானும் பார்த்தேன். நல்ல வெளிச்சம், நல்ல கண். வீட்டைப் பார்க்க வருவீர்களா என்று கேட்டதற்கு, ஆத்தங்குடி அரண்மனைப் படங்களைப் பார்த்திருக்கிறோம், அதே மாதிரி வீடுதானே என்றார்கள். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அண்ணனிடம் எதிர்த்துப் பேச மனமில்லாமல் சரி என்று விட்டுவிட்டேன்.

சின்னக் கோளாறுகள் முதலில். பேசிய தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி என்பது பில் வந்த பிறகு தெரிந்தது. அவர்கள் பக்கம் தப்பில்லை, நாங்கள் கேட்கவில்லை. ஆறு பேருக்கு ரூம், வண்டி, பேட்டாவும் எங்கள் கணக்கு. அலங்காரக்காரர்கள் பூச்சரத்தைச் சுண்ணாம்புச் சுவரில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருந்தார்கள். கழற்றும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு அப்படியே டேப்போடு வந்தது. இன்று அந்த வேலை தெரிந்த கொத்தனார் அத்தனை சுலபமாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பழைய பூச்சின் பளபளப்போடு புதுசு சேராது. பட்டாலையில் அந்த இடம் இப்போதும் திட்டாகத் தெரிகிறது.

பெரியது இது. நகரத்தார் கல்யாணத்தில் பெண் வீட்டுக் கோயில், மாப்பிள்ளை வீட்டுக் கோயில் இரண்டிலிருந்தும் மாலை வர வேண்டும். எங்களுக்கு வயிரவன்பட்டி, அவர்களுக்கு இளையாற்றங்குடி. நகரத்தார் ஒவ்வொருவரும் ஒன்பது கோயில் பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். அதில் எந்தக் கோயில்காரராக இருந்தாலும், கோயில் மாலை வந்தால்தான் திருப்பூட்டுதல். அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளைகள் ஒரு புள்ளி. எங்கள் கண்ணில் அந்தக் கல்யாணத்தின் உயிரே அந்த மாலை வாசலுக்குள் நுழைகிற நேரத்தில்தான் இருக்கிறது. ஆத்தாவுக்கு 84 வயது. விடிகாலையிலேயே குளித்துப் பட்டுடுத்தி, முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாலைத் தட்டு வந்தபோது யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்று கும்பிட்டார். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கினார். அந்த நேரத்தில் வீடியோ குழு மொத்தமும் இரண்டாங்கட்டில் கழுத்துருவை (எங்கள் தாலியை) வாழையிலையில் வைத்து வெளிச்சம் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தது. யாராவது ஓடிப்போய்ச் சொல்வதற்குள் மாலை வளவுக்குப் போய்விட்டது. திரும்ப ஒரு தடவை வாசலிலிருந்து வரச் சொல்லலாமா என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அண்ணன் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

1,800 படம் கொடுத்தார்கள். கழுத்துருவுக்கு மட்டும் 60 படம். ஆத்தா கும்பிட்டு நின்றதற்கு இருப்பது என் அக்கா மகன் போனில் எடுத்த ஒன்றே ஒன்று. அதிலும் பாதியை யாரோ ஒருவருடைய தோள் மறைக்கிறது.

அந்தக் குழுவை மட்டும் குறை சொல்லி இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் சடங்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது உண்மை. நாங்களும் நேரப்பட்டியல் ஒன்று எழுதிக் கொடுக்கவில்லை. சமையலுக்கு நாலு பக்கம் சிட்டை எழுதினேன், ஜெனரேட்டருக்கு கேபிள் போகும் வழி வரைந்தேன். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஓர் ஒப்பந்தம் ஏட்டில் எழுதிக் கையெழுத்து வைத்த வழக்கம் எங்களுடையது. அப்படியிருந்தும், எது நடக்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்று கேமரா பிடிப்பவருக்கு அரைப் பக்கம் எழுதித் தர எனக்குத் தோன்றவில்லை. நமக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

கழுவியவர்களும் கொடுத்து முடித்ததும்

கல்யாணச் செலவில் மிகச் சின்னத் தொகை வீடு கழுவுகிறவர்களுக்குப் போவது. அதில் அசட்டையாக இருந்தால் நஷ்டம் பெரிசு. காரைக்குடியிலிருந்து வந்த ஒரு குழு, பந்தி நடந்த இடத்தில் எண்ணெய்க் கறைக்கு ஆசிட் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்றது. ஆத்தங்குடிக் கல் சிமென்ட் கல். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டுக் கையால் செய்வது. ஆசிட் பட்டால் வண்ணம் அரித்து வெளுத்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அவர்களுக்கு வண்டிச் சத்தம் கொடுத்து அனுப்பிவிட்டு, எங்கள் ஊரிலேயே நாலு பெண்களைக் கூப்பிட்டோம். மரத்தூளைக் கொட்டி எண்ணெயை இழுத்தார்கள், வெந்நீரில் துடைத்தார்கள், காய்ந்த பிறகு தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒரு ஓட்டு ஓட்டினார்கள். பந்தி மேசைக் கால்களுக்கு அடியில் முன்கூட்டியே சாக்குத் துண்டு போடச் சொன்னதும் அவர்களில் மூத்தவர்தான்.

பணம் கொடுப்பதில் நாங்கள் வைத்துக்கொண்ட முறை எல்லாருக்கும் ஒன்றுதான். பேசும்போது 25 சதவீதம், முதல் நாள் ஆளும் சாமானும் வந்து இறங்கியதும் 50, மீதி 25 எல்லாம் முடிந்து, இலையையும் பாத்திரத்தையும் தூணையும் பார்த்த பிறகு. சென்னைக் குழு மட்டும் முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்டது, அண்ணன் கொடுத்துவிட்டார். சுவரில் பூச்சு போனபோது பேசுவதற்கு எங்கள் கையில் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு அன்று ராத்திரியே பட்டாலையில் உட்கார வைத்து, வெற்றிலை பாக்கோடு கணக்கை முடித்தோம். சமையல் மாஸ்டருக்கும் அவரோடு வந்தவர்களுக்கும் ஆத்தா தன் கையால் வேட்டி, சேலை எடுத்துக் கொடுத்தார். ராத்திரி பதினொரு மணிக்கு அவர்கள் போட்ட தோசைக்கு அது போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

வருகிற ஆவணியில் அதே வீட்டில் பங்காளி மகளுக்குக் கல்யாணம். ஏழு புள்ளியும் கூடிப் பேசி, வீட்டைப் பார்க்காமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை, சுவரில் டேப் ஒட்டுவதில்லை, ஆணி இல்லை, ஆசிட் இல்லை, எல்லாரும் முதல் நாள் மத்தியானத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி முகப்புக் கதவின் உட்பக்கம் தொங்க விட்டிருக்கிறோம். சமையலும் பந்தலும் அதே ஆட்கள்.

போட்டோவுக்குப் புதுக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். சின்ன வயசு, கையில் கேமராகூட இல்லை. வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காலை வெயில் எந்த நேரத்துக்கு முற்றத்தில் இறங்கும் என்று கேட்டார். பிறகு ஆத்தா பக்கத்தில் போய்க் கீழே உட்கார்ந்து, "ஆச்சி, கோயில் மாலை எத்தனை மணிக்கு வரும்? இந்த வாசல் வழியாவா, பின்னாலயா?" என்றார். ஆத்தா எழுந்து அவரை முகப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், தான் நின்ற இடத்தைக் காட்டினார். அன்றைக்கே 25 சதவீதம் கொடுத்துவிட்டோம்.